துப்பாக்கியும் சாட்சியும்

காஞ்சிபுரத்திற்கு மேற்கே, வேலூர் செல்லும் பெருஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ள சிற்றூர் திருப்புட்குழி. ‘புள்’ என்னும் பறவையும் அதை அடக்கம் செய்த ‘குழி’யும் இணைந்து ஊர்ப்பெயராயின. சீதையை மீட்கப் போராடி இராவணனின் வாளால் வெட்டுண்ட சடாயுவுக்கு இராமன் இறுதிக்கடன் ஆற்றியது இவ்விடத்திலேயே என்று விசயராகவப் பெருமாள் கோயிலின் தலவரலாறு கூறும். காஞ்சிப் பட்டு நெய்வோர் வாழும் இவ்வட்டாரத்தில் துப்பாக்கி என்பது வங்கி வாயிற்காவலரின் தோளில் மட்டுமே காணக்கிடைக்கும் பொருள்.

அண்மையில் அவ்வூரில் நெசவாளர் சிலருடன் உரையாடும் வாய்ப்பு நமக்குக் கிட்டிற்று. அயல்நாட்டுத் துப்பாக்கிச்சூடு ஒன்றைப் பற்றிய நாளிதழ்ச் செய்தி பேச்சைத் தொடங்கி வைத்தது. “சடாயுகிட்ட ஒரு துப்பாக்கி இருந்திருந்தா சீதையம்மா போயிருக்க மாட்டாங்க ஐயா” என்றார் இளைஞர் ஒருவர். தறிக்குழியில் அமர்ந்திருந்த முதியவர் சிரித்தார். “அப்போ இராவணன்கிட்ட பத்து இருந்திருக்கும்டா தம்பி. சடாயு சண்டையிலே தோத்துட்டாரு. ஆனா, தூக்கிட்டுப் போனது யாருன்னு இராமன்கிட்டச் சொல்ற வரைக்கும் உயிரைப் பிடிச்சுக்கிட்டு இருந்தாரு. அதுக்குத்தான் இந்தக் கோயிலு” என்றார்.

ஆயுத உரிமை பற்றிய நெடிய விவாதத்தை இவ்விரு கூற்றுகளின் ஒளியில் திறனாய்வு செய்ய விழைகிறோம்.

1. உரிமைக் குரலின் வேர்

ஆயுதம் வைத்திருக்கும் உரிமை என்றவுடன் நம் எண்ணம் அமெரிக்க நாட்டையும், 1791இல் அதன் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட இரண்டாம் திருத்தத்தையும் நாடிச் செல்கிறது. ஆயின் இக்குரல் நம் மண்ணிலும் ஒலித்ததுண்டு. பாளையக்காரர் போர்கள் ஒடுக்கப்பட்ட பின், 1801 டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட அறிக்கை தென்தமிழ்நாட்டு மக்கள் படைக்கலம் தாங்குவதைத் தடைசெய்தது. லிட்டன் பிரபு காலத்தில் பிறந்த 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், இந்தியரை உரிமம் பெறுமாறு பணித்து, ஐரோப்பியருக்கு விலக்களித்தது. அகிம்சையைப் போதித்த காந்தியடிகளே 1918இல் படைக்கு ஆள் சேர்த்த நாள்களில் வெளியிட்ட துண்டறிக்கையில் இச்சட்டத்தைக் கடுமையாகக் கண்டித்தார். 1931ஆம் ஆண்டுக் கராச்சி காங்கிரசின் அடிப்படை உரிமைகள் தீர்மானத்திலும், ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமை இடம்பெற்றது.

இவ்வரலாற்றை நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகிறது. அன்று மக்களைப் புண்படுத்தியது, ஒருவன் நம்பத்தக்கவன், மற்றவன் நம்பத்தகாதவன் என்று நிறத்தைக் கொண்டு சட்டம் வகுத்த பாகுபாடே. ஆகவே இவ்வுரிமைக் குரலை வன்முறை வேட்கையென்று எளிதில் தள்ளிவிடுதல் நேர்மையாகாது.

2. மறுப்பும் அதன் குறைபாடும்

1948 டிசம்பரில் அரசியலமைப்பு அவையில் எச். வி. காமத் அவர்கள் ஆயுதம் தாங்கும் உரிமையை அடிப்படை உரிமைகளுள் சேர்க்குமாறு திருத்தம் கொணர்ந்தார். டாக்டர் அம்பேத்கர் அதனை ஏற்கவில்லை. திருடருக்கும் கொள்ளையருக்கும் இவ்வுரிமையை வழங்க இயலுமா என்பது அவர் அவையில் எழுப்பிய வினா. அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர், நவம்பர் 4ஆம் நாள், அதே அவையில் அவர் இந்தியக் கிராமத்தைப் புகழ்ந்தோரைக் கடிந்துரைத்திருந்தார். இவ்விரு உரைகளையும் சேர்த்து வாசிப்போருக்கு மற்றொரு காரணமும் தோன்றும். நிலமும் சாதியும் அதிகாரமும் ஒரு தெருவில் குவிந்து கிடக்கும் ஊரில், யாவர்க்கும் சமமாக வழங்கப்படும் ஆயுத உரிமை சமமாகப் பயன்படாது. துப்பாக்கியும் அத்தெருவுக்கே சென்று சேரும். அம்பேத்கரின் மறுப்பை நாம் ஏற்பது இக்காரணம் பற்றியே.

1962இல் நடைமுறைக்கு வந்த, 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் பழைய சட்டத்தின் இடத்தைப் பெற்றது. உரிமம் கோருவோர் காரணம் காட்ட வேண்டும். காவல்துறை அறிக்கை பெறப்பட வேண்டும். ஒருவர் வைத்திருக்கத்தக்க துப்பாக்கிகளின் எண்ணிக்கை 1983இல் மூன்றாகவும், 2019இல் இரண்டாகவும் வரையறுக்கப்பட்டது. இக்கட்டுப்பாடுகளை நாம் வரவேற்கிறோம்.

எனினும், தன் உயிருக்கு ஆபத்து என்று அதிகாரியை நம்பவைக்க வல்லவர் யார்? சொத்தும் செல்வாக்கும் உடையவரின் அச்சம் மனுவாகிறது; கூலித் தொழிலாளியின் அச்சம் முறையீடாகக்கூடப் பதிவாவதில்லை. இதை நாம் மட்டும் கூறவில்லை. அரசின் விதியே ஒப்புக்கொள்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் 1995இல் வகுக்கப்பட்ட விதிகளுள் 3ஆம் விதியை நம்மில் எத்தனை பேர் வாசித்திருக்கிறோம்? வன்கொடுமை நிகழக்கூடுமென்று கண்டறியப்பட்ட பகுதிகளில் பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதாரின் ஆயுத உரிமங்களை மறுஆய்வு செய்து நீக்கவும், சட்டவிரோதத் துப்பாக்கிகளைக் கைப்பற்றவும், தேவையாயின் ஒடுக்கப்பட்ட மக்களுக்கே உரிமம் வழங்கவும் அவ்விதி வகை செய்கிறது. துப்பாக்கி சாதிவழியே பகிரப்பட்டுள்ளது என்பதற்கு இதனினும் தெளிவான ஒப்புதல் வேண்டுமோ?

3. மேலங்கியும் வாளும்

கிறிஸ்தவர்களில் ஆயுத உரிமையை ஆதரிப்போர் பெரிதும் நாடுவது லூக்கா 22ஆம் அதிகாரம். மேலங்கியை விற்றாவது வாள் வாங்குமாறு இயேசு சீடருக்குக் கூறும் பகுதி அது. சீடர் இரண்டு வாள்களைக் காட்ட, போதும் என்று அவர் பேச்சை முடிக்கிறார். இப்பகுதியை இவ்விடத்தோடு நிறுத்துவோர் அதே இரவின் பிற்பகுதியை வாசியாது விடுகின்றனர். தற்காப்புக்கென உருவப்பட்ட அவ்வாள் யாரைத் தாக்கியது? பிரதான ஆசாரியனையன்று, படைத்தலைவனையன்று. வேலைக்காரன் ஒருவனின் காதையே அது வெட்டியது. அதிகாரத்தை நோக்கி ஓங்கப்பட்ட வாள் அதிகாரத்தின் ஏவலாளன்மீது விழுந்தது. இயேசு அச்செயலைத் தடுத்து, அக்காதைக் குணமாக்கினார். இப்பகுதியை ஆயுத உரிமைக்குச் சான்றாகக் காட்டுதல், அதன் முடிவை வெட்டியெறிந்து வாசிக்கும் வாசிப்பேயாகும்.

ஆனால் இதே பகுதியை ஏழையின் வாயை அடைப்பதற்கு நாம் பயன்படுத்துவதும் பிழையே. 1956 சனவரியில் மாண்ட்கோமரி நகரில் மார்ட்டின் லூதர் கிங்கின் இல்லத்தில் வெடிகுண்டு வீசப்பட்டபின், அவர் துப்பாக்கி உரிமம் கோரி விண்ணப்பித்தார், அது மறுக்கப்பட்டது. பின்னர் அவர் தாமாகவே வீட்டிலிருந்த துப்பாக்கியை அகற்றினார். மறுப்பு அநீதி, துறவோ அவருடைய சொந்தத் தீர்மானம். இவ்விரண்டையும் நாம் குழப்பிக்கொள்ளலாகாது. அகிம்சை ஒருவர் தாமே தெரிந்துகொள்ளும் வழி; காவலர் நிற்கும் மதிலுக்குள் இருந்துகொண்டு, மதிலற்ற குடிசைவாசிக்கு அதை நாம் விதித்தல் போதனையாகாது.

4. கேட்கப்பட்ட சாட்சியும் கேட்கப்படாத சாட்சியும்

1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு கீழவெண்மணியில் நிகழ்ந்ததைத் தமிழ்நாடு மறக்கவியலாது. கூலி உயர்வு கேட்ட தலித் தொழிலாளரின் சேரியை நிலவுடைமையாளரின் கூட்டம் துப்பாக்கிகளுடன் சூழ்ந்தது. குடிசையொன்றில் அடைக்கலம் புகுந்த பெண்களும் குழந்தைகளும் முதியோருமாக 44 பேர் தீக்கிரையாயினர். உயிர்தப்பியோர் நீதிமன்றத்தில் சாட்சி பகர்ந்தனர். கீழ்நீதிமன்றம் தண்டித்தவர்களைச் சென்னை உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. பெருநிலக்கிழார்களாகிய செல்வர் தாமே நடந்துசென்று இச்செயலைச் செய்திருப்பர் என்பது நம்பத்தக்கதன்று என அத்தீர்ப்புக் கருதியது. அவர்களிடம் துப்பாக்கி இல்லாமற்போனது ஓர் இழப்பு எனின், அவர்கள் சொல் ஏற்கப்படாமற்போனது அதனினும் பெரிய இழப்பு.

இதற்கு மாறான ஒரு நிகழ்வும் இவ்வட்டாரத்திலேயே உண்டு. திருப்புட்குழி அடங்கிய பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது வேடந்தாங்கல். அவ்வூர் ஏரிக்கு வரும் பறவைகளை வெள்ளையர் சுட்டு வீழ்த்தக் கண்ட உழவர்கள் முறையிட்டதாகவும், ஆட்சியர் லயனல் பிளேஸ் 1798இல் பறவைகளைக் காக்கும் உரிமையை அவர்களுக்கு எழுதித் தந்ததாகவும் அவ்வூர் மரபு கூறுகிறது. 1936இல் அவ்வேரி அரசின் ஏற்புப்பெற்ற சரணாலயமாயிற்று. துப்பாக்கியைக் கட்டுப்படுத்தும் உரிமை அங்கே துப்பாக்கி ஏந்தாதவர் கையில் தரப்பட்டது. அவர்களின் சொல் கேட்கப்பட்டதனால் பறவைகள் பிழைத்தன.

ஆகவே நம் கருத்து இது. ஆயுதம் அடிப்படை உரிமையாதல் வேண்டா. கட்டுப்பாடு நீடிக்க வேண்டும். ஆனால் ஏழையை நிராயுதபாணியாக்கும் அரசு, அவன் சாட்சியைக் காக்கும் கடனையும் ஏற்றாக வேண்டும். 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தை நாடெங்கும் சட்டமாகக் கொள்ளப் பணித்தது. அத்திட்டமும் 1995ஆம் ஆண்டின் 3ஆம் விதியும் தத்தம் மாவட்டத்தில் எவ்வாறு செயற்படுகின்றன என்று கேட்டறிவது நம் குருமாரும் சபையாரும் உடனே தொடங்கத்தக்க பணியாகும். சாட்சி என்னும் சொல்லை நாள்தோறும் பிரசங்கிக்கும் நாம், ஊராட்சி வாயிலிலும் நீதிமன்றக் கூண்டிலும் அஞ்சி நிற்கும் சாட்சியின் அருகில் நின்றதுண்டோ?

திருப்புட்குழியில் வணங்கப்படுவது சடாயுவின் வெற்றியன்று. சிறகிழந்து வீழ்ந்த பறவை சொன்னதை ஒருவர் நின்று கேட்டார்; நம்பினார்; அதன்படி தெற்கு நோக்கி நடந்தார். சட்டத்திடமும் திருச்சபையிடமும் ஏழை எதிர்பார்ப்பது அதுவே.