அரிவாளும் ஜாம்பியும்

ராயலசீமையின் பரம்பரைப் பகையைத் தெலுங்கு சினிமா வெகுகாலம் வீரமாகவே காட்டி வந்தது. 1999-இல் ‘சமரசிம்மா ரெட்டி’, 2002-இல் ‘இந்திரா’ என அரிவாளுக்குக் கைதட்டல் குறையவே இல்லை. அந்த மரபை 2021 பிப்ரவரியில் வந்த பிரசாந்த் வர்மாவின் ‘ஜாம்பி ரெட்டி’ சிரிக்கச் சிரிக்கக் கலைத்துப் போட்டது.

கொரோனா காலத்து ஹைதராபாத்திலிருந்து வீடியோ கேம் செய்யும் இளைஞன் (தேஜா சஜ்ஜா) நண்பர்களோடு கர்னூல் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போகிறான். அங்கே இரு குடும்பங்களுக்கு வெட்டுப்பகை. நடுவில் ஜாம்பிகள் புகுந்துவிடுகின்றன.

எனக்குப் பிடித்தது இந்தக் கற்பனையின் பொருத்தம்தான். யோசிக்காமல் கூட்டமாக ஓடிவருவது, தொட்டவரையெல்லாம் தன்னைப்போல் ஆக்குவது: ஜாம்பியின் இந்தக் குணங்கள் பகையிலும் அப்படியே இருக்கின்றன. கடிபட்டவன் எந்தக் குடும்பம் என்று ஜாம்பி பார்ப்பதில்லை. தலைமுறைகளாகக் காத்த பகைக்கணக்கு ஒரே கடியில் செல்லாமல் போகிறது. இரண்டாம் பாதியில் கொஞ்சம் இழுவை உண்டு. ஆனாலும் தமிழிலேயே ‘மிருதன்’ என்ற ஜாம்பி படம் பார்த்த நமக்கு, மதுரைப் பக்கத்து அரிவாள் படங்களுக்கும் இப்படியொரு வைத்தியம் வேண்டும் என்று தோன்றும். யாராவது துணிந்து எடுக்கட்டும்.