உறைக்கு ஓர் உறை

"அலகு கைப்பிடிக்குள்ளயே போய் உக்காந்துக்கிடுது. பெறகு அதுக்கு என்னத்துக்கு அண்ணாச்சி இன்னொரு உறை?"

ஆலங்குளம் பஸ் ஸ்டாப்பில் செருப்புத் தைக்கிறவர் கேட்டது இது. நான் நீட்டிய தோல் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார். அப்போது என்னிடம் பதில் இல்லை. "சும்மா ஆசைக்குத்தான் அண்ணே" என்று சொல்லிச் சமாளித்தேன். ஆனால் மடக்குக் கத்தியின் தோலுறையை எடைபோட வேண்டுமென்றால் அந்தக் கேள்வியில்தான் தொடங்க வேண்டும்.

எடைபோட எடுத்தவை இரண்டு உறைகள். இரண்டையும் வெட்டியது நான்தான்; முதலாவதைத் தைத்ததும் நான், இரண்டாவதைத் தைத்தது அவர். ஒன்று இடுப்பு பெல்ட்டில் கோத்து மாட்டுவது; மூடியும் பித்தளை அழுத்துப் பொத்தானும் உண்டு. மற்றது சட்டைப் பைக்குள் போகும் வெறும் கூடு; மூடி கிடையாது, பொத்தான் கிடையாது. கத்தி ஒன்றேதான். இருக்கன்குடி ஆடித் திருவிழாக் கடையில் வாங்கியது. மரக் கைப்பிடி, இரு முனையிலும் பித்தளைப் பூண், நாலு விரற்கடை நீளத்தில் அலகு. மாங்காய் நறுக்க, சாக்குக் கயிறு அறுக்க, தபாலில் வரும் பெட்டியைப் பிரிக்க. அதற்கு மேல் அதற்கு வேலை இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையிலும் அதற்குப் பிந்திய வெயிலிலும் இரண்டு உறைகளையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்திப் பார்த்தேன்.

மடங்காத கத்திக்கு உறை இரண்டு காவல் வேலை பார்க்கிறது. அலகிடமிருந்து ஆளைக் காக்கிறது. உலகத்திடமிருந்து அலகைக் காக்கிறது. மடக்குக் கத்தியில் இந்த இரண்டையும் கைப்பிடியே செய்துவிடுகிறது. செருப்புத் தைக்கிறவர் சொன்னது அட்சரம் பிசகாமல் சரி. மிச்சம் இருப்பது சில்லறை வேலைகள்தான்: சாவியோடும் செல்போனோடும் உரசாமல் வைப்பது, கீல் இடுக்கில் பஞ்சும் புழுதியும் ஏறாமல் தடுப்பது, தேய்ந்த விசை கொண்ட கத்தி பைக்குள் தானாக வாய் பிளக்காமல் பார்த்துக்கொள்வது. ஆக, இங்கே தோலின் வேலை காவல் அல்ல, சுமப்பது. இதை மறந்துவிட்டுச் செய்கிற உறை, வாளுறையின் சின்னப் பொம்மையாகத்தான் முடியும். என் முதல் உறை அப்படித்தான் முடிந்தது.

இடுப்பில் மாட்டும் வடிவம் எங்கிருந்து வந்தது? அதை உலகமெங்கும் பரப்பியதில் பெரும்பங்கு அமெரிக்காவின் பக் 110 கத்திக்கு. 1964இல் வந்த அந்த மடக்குக் கத்தி ஏறத்தாழ 200 கிராம் கனம். அதைக் கால்சட்டைப் பையில் போட்டால் பை தொங்கும், தையல் விடும். அதனால் அதற்கு இடுப்புத் தோலுறை தேவைப்பட்டது. அங்கே அது வெறும் அலங்காரம் அல்ல. அதற்கு நேர் எதிர்ப்பக்கம் பிரான்ஸின் சவ்வா மலைநாட்டில் 1890 வாக்கில் ஜோசப் ஒப்பினெல் செய்யத் தொடங்கிய விவசாயிக் கத்தி. அதன் எட்டாம் எண் அலகு 8.5 சென்டிமீட்டர், எடை பக் 110இன் கால்வாசிக்குப் பக்கம். பைக்குள் போட்டால் போட்ட நினைவே இருக்காது. அலகு அசையாமல் பிடிக்கும் வளையத்தையே 1955இல்தான் சேர்த்தார்கள். அதுவரை அரை நூற்றாண்டுக்கும் மேலாக வளையம்கூட இல்லாமல் குடியானவர்களின் பையில் அந்தக் கத்தி கிடந்தது. என் இருக்கன்குடிக் கத்தி இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. நானோ அதற்குப் பக் கத்தியின் சட்டையை மாட்டிவிட்டேன்.

நம் பக்கத்து வழக்கத்தைப் பார்த்தாலும் தீர்ப்பு அதே திசையில்தான் சாய்கிறது. இடுப்பில் கருவி மாட்டுகிற மரபு கரிசலில் இல்லாமல் இல்லை. பனையேறி இடுப்பில் கட்டும் அரிவாள் பெட்டியைப் பாருங்கள். வாய் திறந்திருக்கும், மூடி, பொத்தான் எதுவும் இருக்காது. மரத்தின் நடுவே ஒரு கை பனையைக் கட்டிப் பிடித்திருக்கும்போது மற்றக் கை பார்க்காமலே அரிவாளை எடுக்கவும் போடவும் வேண்டும். ஆனால் அது மடங்காத அரிவாளுக்கு.

மடங்கும் இரும்புக்கு நம்மவர்கள் கண்ட இடம் வேறு. பாட்டிகளின் பாக்குவெட்டி சுருக்குப்பைக்குள் வெற்றிலையோடும் சுண்ணாம்பு டப்பியோடும் கிடந்தது. சவரக் கத்தி, நம் ஊர்கள் நெடுங்காலம் அறிந்த மடக்குக் கத்தி அதுதான், நாவிதரின் அடைப்பத்துக்குள் கிடந்தது. அடைப்பம் என்ற சொல்லுக்கு அகராதியில் இரண்டு பொருள்: வெற்றிலைப் பை, நாவிதரின் கருவிப் பை. பாக்குவெட்டியும் சவரக் கத்தியும் ஒரே சொல்லுக்குள் வந்து படுத்துக்கொள்வது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. மடக்கினால் அது சாமான். சாமானுக்கு வேண்டியது பை. விரித்தபடியே இருப்பதுதான் ஆயுதம், உறை அதற்குரியது.

இடுப்பு உறை நடைமுறையில் தோற்ற கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் நான் கைலி, பெல்ட் கிடையாது. பேண்ட் போட்டு பைக்கில் உட்கார்ந்தால் உறையின் அடி தொடையில் இடிக்கிறது. டீக்கடையில் அது இருக்கிற பக்கமே நாலு கண் பார்க்கும். சட்டப்படி பயப்பட ஏதுமில்லை: ஆயுத விதிகள் கணக்கில் எடுப்பது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகை, என் கத்தி அதில் பாதி நீளம்கூட இல்லை. ஆனாலும் இடுப்பில் கத்தியோடு நிற்கிறவனிடம் ராத்திரி ரோந்து போலீஸ்காரர் அங்குலக் கணக்கா பார்ப்பார்? இந்தச் சிவகாசி வட்டாரத்துக்கே உரிய தடை இன்னொன்று. பட்டாசு ஆலை வாசலில் இரும்புக்கு இடமில்லை. மருந்து புழங்கும் அறைக்குள் பித்தளை, செம்பு, மரம் என்று பொறி தெறிக்காத கருவிகள் மட்டுமே போகலாம். தோலுக்குள் இருக்கிற இரும்பும் இரும்புதான். எந்த உறையும் அதற்கு அனுமதிச்சீட்டு ஆகாது. வாசலில் கழற்றிக் கொடுக்க, பையிலிருந்து எடுத்து நீட்டுவது ஒரு நொடி. பெல்ட்டை அவிழ்த்து உருவுவது ஒரு வேலை.

வடிவத்தை விட்டு மூலப்பொருளுக்கு வருவோம். பெரும்பாலான உறைகள் தரம் கெடுவது இங்கேதான்.

கடையில் தோல் என்று கேட்டால் கைக்கு வருவது பெரும்பாலும் குரோம் பதனிட்ட தோல். மிருதுவாக இருக்கும், சாயம் அழகாகப் பிடித்திருக்கும், நனைந்தாலும் பெரிதாகக் கவலைப்படாது. பைக்கும் செருப்பின் மேல்வாருக்கும் அது பொருந்தும். கத்திக் கூட்டுக்கு ஆகாது. காரணம், அது சொன்ன சொல் கேட்காது. நனைத்து, கத்தியை உள்ளே வைத்து, கட்டைவிரலால் அழுத்தி உருவம் பிடித்தாலும் காய்ந்ததும் பழையபடி தளர்ந்துவிடும். மரப்பட்டையில் பதனிட்ட தோல் அப்படியல்ல. கை பொறுக்கிற வெதுவெதுப்பான நீரில் அமிழ்த்தினால் நுரைநுரையாகக் குமிழ் விடும். குமிழ் அடங்கியதும் எடுத்தால் பிசைந்த களிமண் மாதிரி வளையும். மெல்லிய பாலித்தீன் தாளில் சுற்றிய கத்தியை உள்ளே வைத்துப் பூணின் விளிம்பு, நகம் மாட்டும் பள்ளம் எல்லாவற்றையும் விரல் நகத்தால் வருடி எடுத்து, நிழலில் ஒரு நாள் காயவிட்டால் உருவம் அப்படியே கல்லாக நிற்கும். அவசரப்பட்டு வெந்நீரில் போட்டால் போச்சு. பட்டைத் தோல் 80 டிகிரிப் பக்கம் சுருங்கிவிடும். கொதிநீரைத் தாங்குகிற வரம் குரோம் தோலுக்கு மட்டும். என் முதல் துண்டு அப்பளம் மாதிரிச் சுருண்டு போனது இந்த அவசரத்தால்தான்.

இந்தப் பட்டைத் தோலுக்கு எங்கும் தேடி அலைய வேண்டாம். ஈ.ஐ. லெதர் என்று உலகச் சந்தையில் பெயர் வாங்கியது தமிழ்நாட்டுத் தோல். திண்டுக்கல்லும் திருச்சியும் அதற்குப் பேர்போன ஊர்கள். கரிசல் வரப்பில் மஞ்சளாகப் பூத்து நிற்கும் ஆவாரையின் பட்டைதான் ஒரு காலத்தில் அதற்கு மூலச்சரக்கு. பிறகு வாட்டில் மரத்தின் சாறு வந்தது. கடைசியில் நிறம் வெளுத்து வர, கடுக்காய்க் கரைசல். எடுக்க வேண்டியது 2 மில்லிமீட்டர் கனம். கனமான தோல்தான் தரம் என்று நினைத்து மடங்காத கத்தி உறையின் கனத்தில் 3.5 மில்லிமீட்டர் வாங்கினால், சட்டைப் பையில் செங்கல்லைப் போட்ட மாதிரி இருக்கும்.

பட்டைத் தோல் என்றாலே இயற்கை, சுத்தம் என்று விற்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தோலைப் பதப்படுத்தும் உப்பும் மயிர் நீக்கும் சுண்ணாம்பும் இரண்டு வகைக்கும் பொது. பாலாற்றங்கரைத் தோல் ஆலைகள் பற்றிய வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்புச் சொன்ன பிறகும் கிணற்று உப்புத் தண்ணீர் இனித்துவிடவில்லை. பட்டைத் தோலை நான் தேர்ந்தெடுத்தது அது உருவம் பிடிப்பதால். புண்ணியக் கணக்கு எழுத அல்ல.

அந்தத் தோலிலும் ஒரு வில்லங்கம் உண்டு. கடுக்காயும் அன்னபேதி என்னும் இரும்பு உப்பும் சேர்ந்தால் கறுப்பு மை ஆகும் என்பது மை காய்ச்சியவர்கள் அறிந்தது. பட்டைச் சாறும் இரும்பும் ஈரமும் சேர்ந்தால் அதே மை உறைக்குள்ளேயே ஊறும். கார்த்திகை மழையில் நனைந்த சட்டையோடு ஒரு ராத்திரி விட்டேன். காலையில் எடுத்தால் விசையின் முதுகில் கருநீலத் திட்டு. தோலின் உட்புறத்தில் அதே வடிவத்தில் அச்சு. பித்தளைப் பூணைச் சுற்றிப் பச்சைக் களிம்பு வேறு; அது தோலில் ஏற்றிய எண்ணெயின் கைங்கரியம். அழுத்துப் பொத்தானுக்கும் அதே கதி. பழகிய பசை என்று பைண்டிங் பசையால் ஒட்டினால் இன்னும் மோசம். சிவகாசியில் பூச்சி அரிக்காமல் இருக்க அதில் மயில்துத்தம் கலப்பார்கள். ஈரத்தில் துத்தம் இரும்பைத் தின்னும். செருப்புக் கடை சொல்யூஷனே போதும். ஆகவே உறையில் எடுத்துப் போகலாம், உறையிலேயே வைத்துவிடக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் கத்தி வேறு, கூடு வேறு.

தையலுக்கு வருகிறேன். கைவினைக்காரர்கள் மிகவும் பெருமை பேசும் இடம் இது. ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டையும் எதிரெதிராக விடுவது. ஒரு கண்ணி அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். உண்மைதான். ஆனால் அந்தக் குணம் யாருக்குத் தேவை? அலகு நேரடியாக நூலை அறுக்கக்கூடிய, மடங்காத கத்தியின் உறைக்குத் தேவை. அதற்காகத்தான் அங்கே இரண்டு தோலுக்கும் நடுவே தனி வார் ஒன்றையும் வைத்துத் தைக்கிறார்கள். மடக்குக் கத்தியின் கூர், கூட்டின் நூலைப் பார்ப்பதே இல்லை. நடுவாரையும் இரட்டை ஊசியையும் இங்கே கொண்டுவருவது, வந்த வழியை மறந்த சடங்கு. என் முதல் உறையில் இரண்டும் உண்டு. ஐந்து மணி நேரம் தின்றது.

செருப்புத் தைக்கிறவர் அந்தத் தையலை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்ப்பவர் மாதிரி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. இம்புட்டு நெருக்கமாக் குத்தினா தோலு தபால் தலை மாதிரிக் கிழியுமே?" என்றார். எண்ணினேன், அங்குலத்துக்குப் பத்துத் துளை. ஆறு போதும். அவர் கையில் இருப்பது நுனியில் கொக்கி வெட்டிய குத்தூசி. மேலிருந்து குத்தி, அடியிலிருக்கும் மெழுகு நூலைக் கண்ணியாக மேலே இழுத்து, அந்தக் கண்ணிக்குள் மறுநுனியைச் செலுத்தி இறுக்குவார். இரு பக்கமும் ஒரே இறுக்கம் விழுந்தால் கூட்டின் ஓரத்துக்கு அது தாராளம். அவர் பார்த்த ஒரே ஆபத்தான இடம் வாய்: கத்தியை இழுக்கும் ஒவ்வொரு தடவையும் பாரம் விழுவது முதல் இரண்டு கண்ணியில். அங்கே பின்னோக்கி இரண்டு தையல் போட்டுத் திரும்பினார். முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது.

தையலில் இந்தச் சுருக்கம் புதிதில்லை. பம்புசெட் வருவதற்கு முன் கமலை இறைத்த காலத்தில், கூனையின் அடியில் தொங்கிய தோல் வாலைத் தைத்தவர்களின் வேலை தண்ணீரையே தாங்கியது. நாள் முழுக்க நனைந்து, இழுபட்டு, மறுபடி நனைந்தும் தையல் விடாத வேலை. அதற்கு யாரும் கைவினை என்று பெயர் வைக்கவில்லை. சாதியின் பெயரைத்தான் வைத்தார்கள். இன்று என்னைப் போன்றவன் விடுமுறையில் தோலைத் தொட்டால் அது ரசனை ஆகிறது. விலைச்சீட்டில் 'கையால் செய்தது' என்று ஏறியதும் விலையும் ஏறுகிறது. அதே தோலை வாழ்நாள் முழுக்கத் தொடுகிறவர் குடைக்கு அடியில் உட்கார்ந்து பத்துக்கும் இருபதுக்கும் தைக்கிறார். ஆகவே கையால் செய்த உறை என்பதற்காக நான் ஒரு மதிப்பெண்ணும் கூட்டப்போவதில்லை. கை யாருடையது, அதற்குக் கூலி கிடைத்ததா என்று தெரிந்தால் யோசிக்கலாம்.

கூட்டைச் சோதிக்க நான் வைத்த தேர்வு எளிது. கத்தியைப் போட்டுத் தலைகீழாகப் பிடித்து மூன்று தடவை உதற வேண்டும், விழக் கூடாது. பிறகு ஒரே கையால், பார்க்காமல், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் வைத்து உருவ வேண்டும், திணறக் கூடாது. முதல் தேர்வில் இரண்டு உறையும் தேறின. இரண்டாவதில் மூடிபோட்டது தோற்றது. பொத்தானைத் திறக்க ஒரு கை, கத்தியை எடுக்க இன்னொரு கை. கூட்டின் வாயில் பிறை வடிவில் வெட்டிய பள்ளமும், வெளியே ஒரு விரற்கடை நீட்டி நிற்கும் கைப்பிடியும் அந்த வேலையைச் சத்தமில்லாமல் முடித்துவிட்டன.

200 கிராம் கத்தியோடு கம்பத்தில் ஏறுகிற லைன்மேனுக்கும், தோப்பில் நாளெல்லாம் நிற்கிறவருக்கும் இடுப்பு உறை வேண்டும். அவர்கள் பனையேறியின் கட்சி. அவர்களும் மூடியை விட்டுவிடுவது நல்லது. மற்ற எல்லோருக்கும், 2 மில்லிமீட்டர் பட்டைத் தோலில் நனைத்து உருவம் பிடித்த, வாய் திறந்த கூடு. செய்யத் தகுந்ததா என்றால், தகுந்தது. கட்டாயமா என்றால், இல்லை. பாட்டியின் சுருக்குப்பை முக்கால்வாசி வேலையைச் செய்துவிடும். மிச்சக் கால்வாசிக்கு, அதாவது உதறினாலும் விழாத பிடிப்புக்கும் பார்க்காமல் எடுக்கும் வசதிக்கும்தான் தோல்.

கூட்டை வாங்கிக்கொண்டு அவர் கேட்ட கூலியைக் கொடுத்துவிட்டு வந்தேன். சோதனையெல்லாம் முடிந்த பிறகு இடுப்பு உறையின் மூடியைப் பொத்தானோடு அறுத்து எடுத்துவிட்டேன். பின்பக்கத்து அகலமான வார், சொரசொரப்புப் பக்கம் மேலே இருக்க, ஒரு பலகைத் துண்டில் ஒட்டப்பட்டிருக்கிறது. சவரக் கடையில் பார்த்த மாதிரி அலகை அதில் முன்னும் பின்னும் பத்துத் தடவை இழுத்தால் மாங்காய்த் தோலைக் காகிதமாகச் சீவுகிறது.