திறந்த கதவும் மடற்பனையும்

1

எந்த இலக்கியக் கூட்டம் முடிந்து டீக்கடைக்கு வந்தாலும் ஒரு பேச்சு தவறாமல் எழுகிறது. 'புதுசா வர்றவங்க யாரும் நிலைக்க மாட்டேங்கிறாங்க தோழர். ரெண்டு கூட்டம் வர்றாங்க, மூணாவதுக்குக் காணோம்.' உடனே காரணங்களும் வந்து விழும். வாசிப்பு இல்லை, பொறுமை இல்லை, செல்போன் கெடுத்துவிட்டது. எல்லாமே வந்துபோனவரின் குறைகள் என்பதைக் கவனிக்க வேண்டும். தன் தரப்பைச் சொல்ல அவர் அங்கே இல்லை. இருப்பவர்கள் கூடி இல்லாதவர்மேல் எழுதும் இந்தத் தீர்ப்பைக் கொஞ்சம் கலைத்துப் பார்க்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் அனுபவத்திலிருந்தே தொடங்குகிறேன். எம்.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு மாதாந்திரக் கூட்டத்துக்குப் போனேன். ஊர்ப் பெயர் வேண்டாம். பதினைந்து பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். மேடை இல்லை, தலைவர் இல்லை, பொன்னாடை இல்லை. இதுவல்லவோ ஜனநாயகம் என்று பூரித்துப்போனேன். பேச்சு தொடங்கியது. க.நா.சு., வெ.சா., சி.சு.செ. என்று எல்லாமே முதலெழுத்துகள். தொல்காப்பிய உரையாசிரியர்கள் யார் யார் என்று கேட்டிருந்தால் வரிசையாகச் சொல்லியிருப்பேன். வெ.சா. யாரென்று எனக்குத் தெரியாது. பக்கத்திலிருந்தவரிடம் கேட்டேன்.

'என்ன படிச்சிருக்கீங்க தம்பி?'

'எம்.ஏ. தமிழ் சார்.'

'ஓ, யூனிவர்சிட்டி ஆளா!'

அவ்வளவுதான். என் கேள்விக்குப் பதில் வரவில்லை. ஆனால் அந்த 'ஓ'வில் எனக்கான இடம் தீர்மானமாகிவிட்டது. அங்கே 'சார்' என்று சொல்லக்கூடாது, 'தோழர்' என்பதுதான் வழக்கு என்பதே நாலாவது கூட்டத்தில்தான் பிடிபட்டது. எந்தச் சுவரிலும் யாரும் எழுதி வைத்திருக்கவில்லை.

2

எழுதி வைக்காததுதான் விஷயம். அமெரிக்கப் பெண் விடுதலை இயக்கத்தைச் சேர்ந்த ஜோ ஃப்ரீமன் 1970இல் ஓர் உரையாற்றினார். 1972இல் அது அச்சாகியது. 'கட்டமைப்பின்மையின் கொடுங்கோன்மை' என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். தலைமை வேண்டாம், விதிகள் வேண்டாம் என்று தொடங்கிய பெண்கள் குழுக்களை உள்ளிருந்தே பார்த்து அவர் சொன்னது இது: கட்டமைப்பே இல்லாத குழு என்று ஒன்று கிடையாது. வெளிப்படையான விதி இல்லாத இடத்தில் வெளியே தெரியாத விதிகள் இருக்கும், அவை சிலருக்கு மட்டுமே தெரியும். அந்தச் சிலர் பெரும்பாலும் ஏற்கெனவே நண்பர்கள். தெரியாதவர், ஏதோ நடக்கிறது, ஆனால் என்னவென்று புரியவில்லை என்ற குழப்பத்திலேயே இருப்பார்.

நம் கூட்டங்களுக்கு இதை அப்படியே பொருத்திப் பார்க்கலாம். மூன்று மணிநேர விவாதத்தில் முடிவாகாதது டீக்கடையில் பத்து நிமிஷத்தில் முடிவாகிறது. அடுத்த இதழில் யார் எழுதுவது, எந்தப் புத்தகத்துக்குக் கூட்டம் போடுவது எல்லாம் அங்கேதான். அப்படியானால் உண்மையான கூட்டம் எது? கடைசி பஸ்ஸைப் பிடிக்க எட்டு மணிக்கே எழுந்துபோகும் பெண்ணும், பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த பையனும் எந்தக் கூட்டத்தில் கலந்துகொண்டார்கள்? யாரும் அவர்களை விலக்கவில்லை. விலக்கத் தேவையே இல்லை. 'கதவு திறந்தேதான் இருக்கு' என்று சொல்லிக்கொள்ளும் நமக்கு அது வசதியாகவும் இருக்கிறது. சாதியும் பாலினமும் வாசலில் நின்று ஆளைத் தடுப்பதில்லை. நேரமாக, நட்பாக, சொல்லாமல் விட்ட ஒரு குறிப்பாக அவை உள்ளேயே இருக்கின்றன.

3

நன்னூலை நாங்கள் தேர்வுக்காக மனப்பாடம் செய்தோம். மாணாக்கரைப் பவணந்தி எட்டு உவமைகளால் தரம் பிரிக்கிறார். அன்னத்திலும் ஆவிலும் தொடங்கி எருமை, நெய்யரி வரை இறங்கும் பட்டியல் அது. புதியவரைப் பற்றிய நம் டீக்கடைப் பேச்சு முழுக்க இந்தப் பட்டியலுக்குள் அடங்கிவிடும். ஆனால் அதே பாயிரத்தில் ஆசிரியராகத் தகாதவருக்கும் அவர் நான்கு உவமை சொல்லியிருக்கிறார். அதில் ஒன்று மடற்பனை. கருக்கு மட்டைகள் சூழ்ந்து நிற்பதால் யாரும் ஏற முடியாது. பழம் தானாக விழுந்தால் பொறுக்கிக்கொள்ளலாம். சிறுபத்திரிகை வட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான படிமத்தை நான் கண்டதில்லை. மாணவனை மட்டும் அளக்காமல் ஆசிரியரையும் அளக்க வேண்டும் என்று ஒரு பழைய இலக்கண நூலுக்குத் தோன்றியிருக்கிறது. மரபை உடைத்ததாகச் சொல்லிக்கொள்ளும் நமக்கு ஏன் தோன்றவில்லை?

பழையவர்களின் சலிப்பையும் நான் மறுக்கவில்லை. செல்லப்பா 1959இல் 'எழுத்து' தொடங்கியபோது 2000 பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று அறிவித்தார். ஊர் ஊராகப் புத்தகங்களைச் சுமந்து விற்றவரும் அவர்தான். வணிக இதழ்களின் வெள்ளத்தில் ஒரு ரசனையைக் காப்பாற்ற வேலி தேவைப்பட்டது. ஒவ்வொரு மாதமும் முதலிலிருந்தே ஆரம்பித்தால் எந்த விவாதமும் இரண்டாம் படிக்குப் போகாது என்பதும் நியாயம்தான். ஆனால் அதே 'எழுத்து' பிரசுரம் 1962இல் கொண்டுவந்த தொகுப்புக்குப் பெயர் 'புதுக்குரல்கள்'. யாப்பில்லாதது கவிதையா என்று பண்டிதர்கள் அந்தக் குரல்களைக் கேட்டார்கள். பின்னால் தலித் எழுத்து வந்தபோது, 'இதில் அழகியல் எங்கே?' என்று கேட்டவர்களில் புதுக்கவிதையின் வாரிசுகளும் இருந்தார்கள். பாமாவின் 'கருக்கு' (1992) நம் மொழிக்குள் தன்னைப் பொருத்திக்கொள்ளவில்லை. தன் ஊர்ப் பேச்சோடு வந்தது. பொருந்த வேண்டியிருந்தது நாம்தான். எனவே 'புதியவர் ஏன் பொருந்துவதில்லை?' என்ற கேள்வியிலேயே ஒரு அரசியல் ஒளிந்திருக்கிறது. வீடு மாறாது, வருகிறவர்தான் மாற வேண்டும் என்ற முன்முடிவு அது.

4

அப்படியானால் என்ன செய்வது? மானிடவியலாளர் ஜீன் லேவ் லைபீரியத் தையற்காரர்களிடம் தொழில் பழகுகிறவர்களை ஆராய்ந்தார். எட்டியன் வெங்கரோடு சேர்ந்து 1991இல் எழுதிய நூலில் அதைப் பேசுகிறார். அங்கே புதியவன் துணி வெட்டுவதில் தொடங்குவதில்லை. பட்டன் தைப்பது, ஓரம் மடிப்பது என்று கடைசி வேலைகளில்தான் தொடங்குகிறான். பிறகு தையல், அதற்கும் பிறகுதான் வெட்டு. நம்மூர் தையற்கடையில் காஜா எடுப்பவரும் இப்படித்தான் உள்ளே வருகிறார். முழுச் சட்டை முதல்நாளே அவர் கையில் இருக்கிறது. வேலை சின்னது, ஆனால் நிஜமானது. கெட்டுப்போனாலும் பெரிய நஷ்டமில்லை.

நம்மிடம் அந்தக் காஜா எது? புதியவருக்கு நாற்காலி எடுத்துப்போடும் வேலை தருகிறோம். நாற்காலியிலிருந்து விவாதத்துக்கு வழி கிடையாது. பதிலாக மெய்ப்புத் திருத்தக் கொடுக்கலாம், கூட்டக் குறிப்பை எழுதச் சொல்லலாம். முதலெழுத்துகளை முழுப்பெயராகச் சொல்லலாம். டீக்கடை முடிவுகளைக் கூட்டத்திலேயே, எட்டு மணிக்கு முன்பே எடுக்கலாம். இதற்கெல்லாம் கோட்பாடு எதுவும் தேவையில்லை.

இதை உபதேசமாகச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. சென்ற ஆண்டு ஒரு கூட்டத்தில், முதல்முறை வந்த பெண் ஒருவர் கேட்டார்: 'இங்க பெண்கள் ஏன் ரெண்டே பேர் இருக்கோம்?' நான்தான் பதில் சொன்னேன்: 'அதெல்லாம் தொண்ணூறுகள்லயே பேசியாச்சுங்க.' சிலர் சிரித்தார்கள். அவர் நோட்டை மூடி வைத்துக்கொண்டார். பேசியாச்சு என்பது உண்மைதான், பழைய இதழ்களைப் புரட்டினால் கட்டுரைகள் கிடைக்கும். ஆனால் அந்த அறையில் அன்றைக்கும் இரண்டு பேர்தான் இருந்தார்கள்.

அடுத்த மாதம் ஒருவர்தான்.