நிலவறை இசையும் காமன் கூத்தும்: பழமை வேட்கை குறித்த ஒரு மதிப்பீடு

உள்ளதை உள்ளவாறு காட்டுதல் கலையின் ஒரு தொழில். இல்லாததை உள்ளதுபோற் காட்டுதல் அதன் மற்றொரு தொழில். பிந்தியதில் ஓவியத்துக்கு வண்ணமும் காவியத்துக்குச் சொல்லும் துணையாக நிற்க, இசைக்கோ ஒலியொன்றே துணை. பொருள் சுட்டும் சொல்லின் உதவியின்றி, வெறும் ஒலியினால் ஒரு கோட்டையையும் அதன் இடிந்த மதிலையும் அதனடியிலுள்ள இருட்சிறையையும் கேட்போன் உள்ளத்தில் எழுப்புதல் கூடுமோ? இவ்வினாவுக்குச் செயல்முறையில் விடை காண முயன்றதொன்று, மேனாட்டார் 'டஞ்சன் சின்த்' என வழங்கும் இசைவகை. டஞ்சன் என்பது கோட்டையின் அடியிலுள்ள நிலவறைச் சிறை. சின்த் என்பது பல வாத்தியங்களின் ஒலியை மின்னாற்றலாற் பிறப்பிக்கும் சின்தசைசர் என்னும் கருவியின் குறுக்கம். ஆதலின் அதனை 'நிலவறை இசை' எனத் தமிழிற் கூறலாம்.

இவ்விசை காவியத்தின் வயிற்றிற் பிறந்தது. ஒக்ஸ்போட் பல்கலைக்கழகப் பேராசிரியராயிருந்த டோல்கீன் 1937இல் 'ஹொபிற்' என்னும் கதையையும், 1954, 1955ஆம் ஆண்டுகளில் 'மோதிரங்களின் தலைவன்' எனப் பொருள்படும் பெருங்கதையின் மூன்று பகுதிகளையும் வெளியிட்டார். நிலப்படம், மொழி, எழுத்து, அரச மரபு என்பன யாவும் உடைய முழு உலகொன்றை அவர் கற்பனையாற் படைத்தார். அக்கதையை இசையாக்கும் முயற்சி விரைவிலேயே தோன்றிற்று. சுவீடன் நாட்டவரான போ ஹான்சன் 1970இல் அக்கதையின் பெயரையே தாங்கிய இசைத்தட்டொன்றை ஓர்கன் முதலிய கருவிகளைக்கொண்டு ஆக்கினார். 1974இல் அமெரிக்கராகிய கைகக்ஸ், ஆர்னெசன் என்போர் 'டஞ்சன்ஸ் அன் டிராகன்ஸ்' என்னும் விளையாட்டை வெளியிட்டனர். அதிலே மேசையைச் சூழ்ந்திருப்போர் தாமே கதைமாந்தராகி, நிலவறைகளிற் புகுந்து பூதங்களோடு பொருதனர். 1981இல் 'அல்ரிமா', 'விசாட்றி' என்பனவும், 1986இல் யப்பானில் 'டிராகன் குவெஸ்ற்' என்பதும் அவ்விளையாட்டைக் கணினித் திரைக்குக் கொணர்ந்தன.

கணினி விளையாட்டின் இசை ஈண்டுச் சிறப்பாக நோக்கற்பாலது. அக்காலத்துச் சிறு கருவிகள் ஒரே வேளையில் நான்கைந்து ஒலிகளுக்கு மேல் எழுப்பமாட்டா. எனவே இசையமைப்போர் சிறிய பண்ணொன்றை அமைத்து அதனையே திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்தனர். விளையாடுவோன் நிலவறையின் வழி காணாது அலையும்வரை அதே பண் அவனோடு அலைந்தது. வறுமையாற் பிறந்த இம்முறை, கேட்டு வளர்ந்த சிறுவர்க்கு அழகின் இலக்கணமாயிற்று. பின்னாளில் அவர்கள் தாமே இசை இயற்றப் புகுந்தபோது, வேண்டுமென்றே அவ்வறுமையை மேற்கொண்டனர் என்பது வியப்பன்று.

இவ்வகைக்கு முதல்வர் எனப் பலராலும் கொள்ளப்படுபவர் நோர்வே நாட்டவரான மோர்ட்டீஸ். கடும் ஓசையுடைய உலோக இசைக்குழுவொன்றினின்றும் 1992இல் விலகிய அவர், தனியொருவராய்ச் சின்தசைசரை மீட்டி, 'ஆளப் பிறந்தவன்' எனப் பொருள்படும் ஆக்கத்தை 1994இல் வெளியிட்டார். ஐம்பது நிமிடத்துக்கு மேலாக நீளும் ஒரே பாடல் அது. முரசும் கொம்பும் பாடற்குழுவும் அதிற் கேட்கின்றன. ஆனால் அவற்றுள் ஒன்றும் மெய்யான முரசோ கொம்போ அன்று. 2011ஆம் ஆண்டளவிலேயே 'டஞ்சன் சின்த்' என்னும் பெயர் நிலைபெற்றது. பிரான்சு நாட்டு எராங் போன்றோர் 2012 முதலாகத் தம் கற்பனை நாட்டின் கதையைத் தொகுதி தொகுதியாக இசைத்து வருகின்றனர்.

இவ்விசையின் அமைப்பு எளிது. அடியில் நீண்டு ஒலிக்கும் ஒரு சுரம், அதன்மேல் மெல்ல நகரும் ஒரு பண், அதனைப் பெருமண்டபத்தின் எதிரொலிபோல் நீளச் செய்யும் ஒரு கருவி, அவ்வளவே. அடிச்சுரம் நம் தம்புராவின் சுருதியை நினைவூட்டுவது. பெரும்பாலும் கையாளப்படும் மேனாட்டுச் சுர வரிசை நம் இருபதாம் மேளமாகிய நடபைரவியோடு ஒப்பது. சிற்சில இடங்களில் எட்டாம் மேளமாகிய தோடியின் சுரங்களும் தலைகாட்டும். ஆயின் நம் இராகத்துக்கு உயிராய கமகம் இதில் இல்லை. அசைவற்ற சுரங்கள் கற்கள்போல் ஒன்றன்மேலொன்று அடுக்கப்படுகின்றன. இராகம் வளரும் கொடியாயின், இது கட்டப்படும் மதில் எனலாம்.

அவ்வாறாயின் இதன் சிறப்பு யாது? போலியாய் ஒலிக்கும் கொம்பு, கேட்போனை ஏமாற்ற முயல்வதில்லை. 'ஈங்கொரு கொம்பு ஊதப்படுவதாகக் கொள்க' என வேண்டி நிற்கின்றது. குறையைக் கேட்போனே தன் உள்ளத்தால் நிரப்புகின்றான். இது கூத்தின் நெறியேயாம். களரியை ஒருமுறை சுற்றிவந்த கூத்தன் காடு கடந்தவனாகின்றான். அட்டையும் வண்ணத்தாளும் மணிமுடியாகின்றன. சிக்கனமான கருவி, பெரிதான கற்பனை என்பதே இரண்டிற்கும் பொது விதி. பெருஞ் செல்வரின் அரங்கமும் நூற்றுவர் கூடிய வாத்தியக் குழுவும் இன்றி, தன் அறையிலிருக்கும் ஏழை இளைஞனும் ஓர் உலகைப் படைக்கலாம் என்பதை இவ்விசை மெய்ப்பித்தது. அதனை ஒரு பெரும்பேறு என்றே கொள்ளல் வேண்டும்.

ஆயினும் குணம்நாடிக் குற்றமும் நாடுதல் திறனாய்வின் கடன். இவ்விசையின் முதற் குற்றம் தேக்கம். ஒரு பண் பத்து நிமிடம் திரும்புதல் தவமாகவும் இருக்கலாம், சோம்பலாகவும் இருக்கலாம். பெரும்பான்மை ஆக்கங்களில் இரண்டாவதே மிகுந்துள்ளது. இரண்டாவது குற்றம் இரவல். கோட்டை, வாளேந்திய வீரன், பனிமலை, பறவைநாகம் என்பன காணாதோர் கண்டோர்போற் பாடும் வாய்பாடுகளாகிவிட்டன. மூன்றாவது குற்றமே மிகப் பெரிது. அது கலையின் எல்லையைக் கடந்து அறத்தின் எல்லையிற் புகுவது.

இவ்விசை தோன்றிய நோர்வே நாட்டு வட்டத்திலேயே 1990களின் தொடக்கத்தில் மரத்தாலாகிய பழந் தேவாலயங்கள் தீக்கிரையாக்கப்பட்டன. 1993இல் இசைக்கலைஞர் ஒருவர் கொலையுண்டார். அக்கொலைக்கும் தீவைப்புக்களுக்குமாக 1994இல் இருபத்தோராண்டுச் சிறைத்தண்டனை பெற்ற வார்க் விக்கர்நெஸ், தம் இசைக்கு இட்ட பெயரே டோல்கீனின் கதையிலுள்ள மோதிரத்திற் பொறிக்கப்பட்ட சொல். இருள் என்பது அதன் பொருள். அவர் சிறையிலிருந்தவாறே சின்தசைசரால் இயற்றிய இரு ஆக்கங்கள் 1997, 1999ஆம் ஆண்டுகளில் வெளிவந்து, நிலவறை இசைக்கு முன்மாதிரிகளுள் வைத்து எண்ணப்படுகின்றன. பிற இனத்தார் புகாத தூய பழங்காலம் ஒன்று இருந்ததென்றும், அது திருடப்பட்டதென்றும், அதனை மீட்டல் வேண்டுமென்றும் கூறும் கொள்கை அவர் எழுத்துக்களில் வெளிப்பட்டது. பிற்காலத்தாருட் பலர் இவ்வெறுப்பினை வெளிப்படையாகவே மறுத்துள்ளனர். எனினும் வினா எஞ்சி நிற்கின்றது: பழமையைக் கனவு காணும் கலை, பகைமையை ஏன் இத்துணை எளிதில் ஈன்றது?

விடையின் ஒரு கூறு டோல்கீனிடமே உண்டு. 1939இல் தேவதைக் கதைகள் பற்றி அவர் நிகழ்த்திய சொற்பொழிவில், கற்பனைக் கதை உலகினின்றும் தப்பியோடுதல் எனப் பழிப்போர்க்கு மறுமொழி கூறினார். சிறைப்பட்டவன் தன் வீட்டை நினைத்துத் தப்ப முயல்வது ஒன்று. படைவீரன் களம் விட்டு ஓடுவது பிறிதொன்று. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளல் தவறு என்பது அவர் கருத்து. அவரே 1941இல் தம் மகனுக்கு எழுதிய மடலில், தாம் உயிரினும் மேலாகப் போற்றிய வடபுல மரபை ஹிட்லர் கெடுத்து இழிவாக்கியமை குறித்துக் கடுஞ்சினம் காட்டினார். ஒரே பழமையை ஒருவர் கதையாக்கினார், மற்றவர் படையாக்கினார். வேறுபாடு பழமையில் இல்லை. அதனைக் கையாண்ட முறையிலே உள்ளது.

இதனைத் தெளிவாக உணர்தற்குத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. மாத்தளை நகருக்கு வடக்கே யாழ்ப்பாண வீதியில் அமைந்த பலாபத்வலவை நினைத்தல் போதும். பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களை நாடி மன்னார்க் கரையில் இறங்கிய தமிழ்த் தொழிலாளர், தம்புள்ளை, நாலந்தா வழியாக மாத்தளையை அடைந்த பழைய வடபாதை இப்பகுதியூடாகவே சென்றது. காட்டிலும் பசியிலும் வாந்திபேதியிலும் மாண்டோர் பலர். எஞ்சியோர் கொணர்ந்த செல்வம் யாது? நினைவிலுள்ள கதைகளும் அவற்றை அறைந்து சொல்லத் தப்பும் அன்றி வேறில்லை. இலயன் காம்பராக்களின் சிறு இருளே அவர்தம் நிலவறை. அங்கிருந்துதான் மலையகத்துக் காமன் கூத்தும் அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் எழுந்தன.

காமன் கூத்து மாசி மாதத்தில் நிகழ்வது. கம்பம் நட்டு, காப்புக் கட்டி, பல இரவுகள் இரதிக்கும் மன்மதனுக்கும் ஆடவரே வேடம் பூண்டு ஆடுவர். தப்பினை நெருப்பிற் காய்ச்சிச் சுருதி கூட்டுதல் வழக்கம். பாத்திரத்துக்கேற்ப அடி மாறும். வீரபத்திரன் வரவுக்கு உரிய அடி இரதியின் வரவுக்கு ஆகாது. இங்கும் ஒரே அடி நெடுநேரம் திரும்பத் திரும்ப ஒலிக்கின்றது. ஆனால் அது தேங்குவதில்லை. ஆடுவோன் காலும் காண்போர் உள்ளமும் அதனை ஒவ்வொரு கணமும் புதுக்குகின்றன. நிலவறை இசைக்கும் இதற்குமுள்ள முதல் வேறுபாடு இதுவே. அங்கே ஒருவன் தனித்திருந்து உலகைப் படைக்கின்றான். இங்கே ஊர் கூடி உலகைப் படைக்கின்றது. தனிமையிற் பிறந்த கனவைத் திருத்துவார் இல்லை. ஊர் நடுவே ஆடப்படும் கனவையோ கிழவரும் சிறுவரும் கேலி பேசியும் குறை கூறியும் திருத்திக்கொண்டேயிருப்பர்.

இரண்டாவது வேறுபாடு கதையின் முடிவில் உள்ளது. சிவனது தவத்தைக் குலைக்க மலரம்பு எய்த மன்மதன் நெற்றிக் கண்ணால் எரிந்து சாம்பராகின்றான். இரதி புலம்புகின்றாள். இறுதியில் அவன் உயிர் பெறுகின்றான். ஆனால் உடல் பெறுவதில்லை. இரதியின் கண்ணுக்கன்றி மற்றையோர்க்கு அவன் உருவிலியே. அனங்கன் என்னும் பெயர் இதனாலேயே அவனுக்கு உண்டாயிற்று. இக்கதையைப் பழமை பற்றிய ஓர் உவமையாகக் கொள்ளலாம். எரிந்துபோன காலத்தை உயிர்ப்பித்தல் கூடும். அன்புடையோர் கண்ணுக்கு அது தோன்றவும் கூடும். ஆனால் உடலோடு அதனை மீட்டுத் தருவதாக ஒருவன் கூறுவானாயின், அவன் மீண்டும் தீ மூட்டப் போகின்றான் என்பதே பொருள். நோர்வே நாட்டிற் பற்றிய தீயும் அவ்வகைத்து. பழம் புகழையும் பழம் பகையையும் மெய்வரலாறென மயங்கி, ஒருவர் வாழ்விடத்தை மற்றவர் எரித்த துயரத்தை 1983இல் இந்நாடே கண்டது. அவ்வாண்டின் தீயில் மாத்தளையும் தப்பவில்லை.

அண்மையிலுள்ள நாலந்தா கெடிகே இவ்விடத்து நினைத்தற்குரியது. திராவிடக் கட்டட முறையிற் பௌத்தருக்காக எழுந்த அக்கற்கோயில், நீர்த்தேக்கத்தில் மூழ்காவண்ணம் 1970களிற் கல்கல்லாகப் பிரிக்கப்பட்டுப் பின்னர் மேட்டு நிலத்தில் மீள அடுக்கப்பட்டது. எக்கல் எவருடையதெனப் பிரித்துக் கூற முயல்வோர்க்கு அங்கே கோயில் இல்லை, கற்குவியலே உண்டு.

நிலவறை இசையை நம் இளைஞர் கைக்கொள்ளலாமோ எனின், தாராளமாகக் கொள்ளலாம். விலை குறைந்த இசைப்பலகையும் கணினியும் இன்று மாணவர் பலர்க்கும் எட்டும் பொருள்கள். ஆயின் காணாத பனிக்கோட்டையை ஏன் பாடல் வேண்டும்? முருங்கை மரத்து வேதாளம் உண்டு. பெரிய எழுத்துப் புத்தகங்களின் மதனகாமராசன் கதையும் அல்லி அரசாணியும் உண்டு. வடபாதையில் நடந்து மடிந்தோரின் எழுதப்படாத காவியமும் உண்டு. சின்தசைசரின் நீள்சுரத்தின்மேல் தப்பின் அடி விழுமாயின் அது இரவலாகாது, வழியொன்றின் நீட்சியேயாம். வேண்டுவது ஒன்றே: இயற்றுவோன் தன் கனவைக் கனவென்றே அறிந்திருத்தல். அவ்வறிவு உள்ளவரை நிலவறை, விதை முளைக்கும் மண்ணறையாகும். அஃது இல்லையேல் பெயருக்கேற்பச் சிறையேயாகும்.