கரியா, கேஸா: 200 டாலருக்குள் ஒரு கிரில்

நண்பர் ஒருவர் போன மாதம் புதுவீட்டுக்குக் குடிபோனார். கொல்லைப்புறத்தில் ஒரு கிரில் வேண்டும், 200 டாலருக்குள் முடிய வேண்டும், கேஸ் வாங்கட்டுமா கரி வாங்கட்டுமா என்று கேட்டார். இணையத்தில் தேடினால் அநேகமாக எல்லா வழிகாட்டிக் கட்டுரையும் ஒரே தீர்ப்பைத்தான் சொல்லும்: ருசிக்குக் கரி, வசதிக்கு கேஸ். சிகாகோ புறநகரில் பத்து வருடமாக இரண்டிலும் சுட்டுப் பார்த்தவன் நான். இந்தத் தீர்ப்பின் முதல் பாதி தப்பு, இரண்டாம் பாதி அரைகுறை என்பது என் கட்சி.

முதலில் ருசி. கரி என்பது ஏற்கெனவே ஒருமுறை எரிந்த மரம். விறகுப் புகைக்கு மணம் தரும் சங்கதிகள் பெரும்பாலும் கரி மூட்டம் போடும்போதே வெளியேறிவிடும். மிஞ்சுவது முக்கால்வாசி கார்பன்தான். சாம்பல் பூத்த தணலுக்கென்று பெரிய வாசனை கிடையாது. ஊரில் இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்கு இது தெரியும். அந்தத் தணலில் யாருக்கும் சிக்கன் வாசனை வந்ததில்லை. நாம் 'கரி ருசி' என்று சொல்வது, கறியிலிருந்து கொழுப்பும் சாறும் தணலில் சொட்டி, பொசுங்கி, ஆவியாக மேலே வந்து மறுபடி கறியிலேயே ஒட்டிக்கொள்வது. மைக்ரோசாஃப்டில் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரியாக இருந்த நேதன் மிர்வோல்ட், 2011ல் வந்த 'மாடர்னிஸ்ட் குசின்' நூல்வரிசையில் ஏறக்குறைய இதைத்தான் வாதிடுகிறார்.

நம்பாமல் வீட்டில் சோதித்தேன். ஒரே மசாலாவில் ஊறிய கோழித்தொடை, பாதி கேஸில், பாதி கரியில், இரண்டு தட்டு. ஊரிலிருந்து வந்திருந்த அப்பா ருசி பார்த்துவிட்டு, "இதுதான்டா கரியில சுட்டது" என்று கேஸ் தட்டைக் காட்டினார். ஒரு ஆள், ஒரு தடவை. இதை ஆராய்ச்சி என்று சொல்ல மாட்டேன். ஆனால் மறுநாள் கத்தரிக்காயை நேராகத் தணலுக்குள் புதைத்துச் சுட்டு கொத்சு செய்தபோது வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. கேஸ் கிரில்லில் புதைக்க இடமே இல்லையே. கம்பிமேல் வைக்கும் பண்டத்துக்கு ஒரு நியாயம், தணலில் போடும் பண்டத்துக்கு வேறு நியாயம்.

அப்புறம் ஏன் மலிவான கேஸ் கிரில்லில் சுட்டது சவசவ என்று இருக்கிறது? இங்கேதான் வழிகாட்டிகள் கோட்டை விடுகின்றன. அவை அட்டைப்பெட்டியில் அச்சடித்த பிடியூ எண்ணை அப்படியே எடுத்துப் போடுகின்றன. அது மணிக்கு எவ்வளவு கேஸ் எரியும் என்ற கணக்கு. கறிக்கு எவ்வளவு சூடு சேரும் என்ற கணக்கு அல்ல. கார் எவ்வளவு பெட்ரோல் குடிக்கிறது என்பதை வைத்து அதன் வேகத்தைச் சொல்வதுபோல. 48,000 பிடியூ என்று போட்டிருந்தாலும், தகரம் மெல்லிசாக இருந்து மூடிக்குப் பின்னால் பெரிய இடைவெளி இருந்தால் சூடு அந்த வழியே போய்விடும். அந்த இடைவெளியை அடைக்கவும் கூடாது, எரிந்த காற்று வெளியேற அதுதான் வழி. போதாததற்கு ஒரு கிலோ புரோபேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தண்ணீர் ஆவியாக வரும். தணலில் அந்த ஈரம் கிடையாது, மேல்பரப்பு சீக்கிரம் காய்ந்து முறுகும்.

விலைக்கு வருவோம். கேஸ் கிரில் என்றால் பர்னர், வால்வு, ரெகுலேட்டர், குழாய், பற்றவைக்கும் பொத்தான், சக்கர வண்டி, பக்கத்துப் பலகை. 200 டாலரை இத்தனைக்கும் பங்கு போட்டால் எதற்கும் உருப்படியான உலோகம் கிடைக்காது. என்னுடைய முதல் கிரில் அப்படித்தான். மூன்றாவது குளிர்காலம் முடிந்து மூடியைத் திறந்தால் இரண்டு பர்னர் நடுவில் துருப்பிடித்து ஓட்டை. தீ பக்கவாட்டில் வந்தது. உதிரி பாகம் விசாரித்தேன், அந்த மாடலையே நிறுத்திவிட்டார்களாம். தூக்கிப் போட்டேன்.

கெட்டில் கிரில்லில் கெட்டுப்போக என்ன இருக்கிறது? எனாமல் பூசிய இரண்டு அரைக்கோளம், இரண்டு கம்பித்தட்டு, மூன்று கால், மேலும் கீழும் காற்றுத்துளை. 1952ல் ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர், சிகாகோவில் வெபர் பிரதர்ஸ் உலோகப் பட்டறையில் வேலை பார்த்தபோது, கடலில் மிதக்கவிடும் மிதவைக்கான கோளத்தைப் பாதியாக வெட்டி உருவாக்கியது. அந்த வடிவம் இன்றுவரை பெரிதாக மாறவில்லை. போட்ட காசு முழுக்க உலோகத்துக்குப் போகிறது. என் கணக்கில் 200 டாலருக்குள் கரி ஜெயிப்பதற்குக் காரணம் ருசி இல்லை, இதுதான். மென்பொருளிலும் நான் இப்படித்தான் பார்ப்பேன்: உடைய இடம் குறைவாக இருக்கிறதா?

ஆனால் வசதி என்ற பேச்சில் ஒன்றை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. இரண்டு வருடம் முன்பு, அக்டோபர் மாதம், சுட்டு முடிக்கும் நேரத்தில் மழை. கெட்டிலை கராஜுக்குள் உருட்டி, கதவைப் பாதி திறந்து வைத்தால் போதும் என்று நினைத்தேன். புகையே இல்லை, தணல் அடங்கிக்கொண்டிருந்தது. கால்மணி நேரம் இருக்கும், கராஜுக்கு மேல் அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் அலறியது. மகள் அங்கே தூங்கிக்கொண்டிருந்தாள். மனைவி அவளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்தாள். "முதல்ல அதை வெளிய தள்ளுங்க!" என்றாள். அன்றைக்கு அதற்குமேல் என்னோடு பேசவில்லை.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அடங்கும் தணல்தான் அதை நிறையக் கக்கும். 'புகை இல்லையே' என்பது ஏமாற்று. பிஇ படித்தவன், வேதியியலில் இதை எழுதி மார்க் வாங்கியவன். மூடியும் துளைகளும் அடைத்து மழையிலேயே விட்டிருந்தால் தணல் தானாக அணைந்திருக்கும். கேஸ் என்றால் வால்வை மூடினால் தீ அந்த நொடியே நின்றுவிடும். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில், வாரநாளில், பத்து நிமிடத்தில் பற்றவைத்து உடனே அணைக்க முடிவது வெறும் சொகுசு இல்லை. அப்பாவுக்கும் வீசிங் உண்டு. கரி பிடிக்கும் முதல் இருபது நிமிடம் அவர் உள்ளேதான் இருக்க வேண்டும்.

எரிபொருள் செலவில் பெரிய சண்டை வேண்டாம். 16 பவுண்டு பிரிக்கெட் பை நிறைந்த சிம்னியாகப் போட்டால் மூன்று தடவைக்கு வரும். கேஸ் அதைவிட மலிவு. காலி சிலிண்டரைக் கொடுத்து மாற்றும்போது மட்டும் லேபிளைப் படியுங்கள், 20 பவுண்டு சிலிண்டரில் பெரும்பாலும் 15 பவுண்டுதான் அடைத்திருப்பார்கள். அடுக்குமாடியில் இருப்பவர்கள் இரண்டையும் வாங்குமுன் ஊர்த் தீயணைப்பு விதியைப் பார்ப்பது நல்லது. மர பால்கனியில் பல ஊர்களில் தடை உண்டு.

நண்பரிடம் இதையெல்லாம் முக்கால் மணி நேரம் போனில் சொன்னேன். வாரக்கடைசிக்கு மட்டும் என்றால் கெட்டில், வாரநாளிலும் வேண்டும் என்றால் இன்னும் நூறு, நூற்றைம்பது சேர்த்து இரண்டே பர்னர் உள்ள கெட்டியான கேஸ் என்றேன். பொறுமையாகக் கேட்டார். நேற்று படம் அனுப்பியிருக்கிறார்: நான்கு பர்னர், பக்கத்தில் தனி அடுப்பு, தள்ளுபடியில் 199 டாலர். மூடியின் பின்பக்கத்தையும் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.