இமாம் கஸ்ஸாலியும் பசியின் அளவும்

ரமலான் நெருங்கும்பொழுது நம் பள்ளிவாசல்களில் பசியின் சிறப்பைப் பற்றிய பயான்கள் மிகுவது வழக்கம். அவற்றுள் பல, இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் 'இஹ்யா உலூமித்தீன்' என்னும் பெருநூலைத் துணைகொண்டு நிகழ்பவை. நாற்பது அதிகாரங்கள் கொண்ட அந்நூலின் 23ஆவது அதிகாரம் வயிற்றின் இச்சையையும் பாலிச்சையையும் அடக்குவது பற்றியது. நாட்கணக்கில் உண்ணாதிருந்த நல்லடியார்களின் வரலாறுகள் அதில் நிரம்பியுள்ளன. கேட்போர் உள்ளம் உருகுகிறது. ஆயினும், அவ்வதிகாரத்தை இறுதிவரை படித்துணர்ந்தோர் நம்மில் எத்துணை பேர் என்னும் ஐயம் நமக்கு உண்டு.

இந்த ஐயம் ஏட்டளவில் எழுந்ததன்று. நாமறிந்த ஓர் இல்லத்தில், கல்யாண வீட்டில் உறவினர் ஒருவர் தன் பருமனைக் குறித்துச் சொன்ன சொல்லால் மனம் நொந்த இளம்பெண், திங்கள் வியாழன் நோன்புகளை நோற்கத் தொடங்கினாள். நாளடைவில், நோன்பு திறந்த பின்னும் இரண்டு பேரீச்சம்பழங்களோடு எழுந்துவிட்டாள். பெற்றோர் அதனைப் பேணுதல் என்றெண்ணிப் பெருமை கொண்டனர். நள்ளிரவில் அடுக்களையில் விளக்கேற்றாமல் அவள் அள்ளி அள்ளி உண்பதையும், மறுநாள் அதற்குத் தண்டனைபோல் பட்டினி கிடப்பதையும் உம்மா கண்டபோதுதான் அது நோய் என்பது புலனாயிற்று. பசியைப் புகழ்ந்த நூல் இப்பெண்ணுக்கு என்ன கூறுகிறது என்றறிய நாம் அதனை மீண்டும் திறந்தோம்.

அவ்வதிகாரத்தின் பிற்பகுதியில், பசியின் விதியும் சிறப்பும் மனிதர்தம் நிலைக்கேற்ப வேறுபடும் என விளக்கும் பிரிவொன்று உண்டு. ஒழுக்கங்கள் அனைத்திலும் நாடப்படுவது நடுநிலையே என்று இமாம் அவர்கள் அங்கே தெளிவுறக் கூறுகிறார்கள். அங்ஙனமாயின் பசியை இத்துணை புகழ்ந்தது ஏன்? மனித இயல்பு எதனை அளவின்றி நாடுகிறதோ, அதனை ஷரீஅத் வன்மையாகத் தடுத்துப் பேசும். இயல்பின் இழுப்பும் சட்டத்தின் தடுப்பும் எதிரெதிர் நிற்க, மனிதன் நடுவில் நிலைபெறுவான். அறியாதார் இயல்பை எவ்வாறேனும் ஒடுக்குவதே நோக்கமெனக் கருதுவர். அறிந்தாரோ நடுநிலையே குறிக்கோள் என உணர்வர். இதுவே அவர்கள் தரும் விடை. உண்பதற்கு அளவும் வகுத்துள்ளார்கள்: வயிற்றில் பாரம் தோன்றலாகாது, பசியின் நோவும் தோன்றலாகாது. நிறைந்த வயிறு வணக்கத்தைக் கெடுப்பது போலவே, பசியின் நோவும் உள்ளத்தைத் தன்பால் இழுத்து வணக்கத்தைக் கெடுக்கும் என்பது காரணம்.

இக்கருத்து இருபதாம் நூற்றாண்டில் ஆய்விலும் மெய்ப்பட்டது. அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்னும் அறிஞர், உடல்நலம் மிக்க 36 ஆடவரை அவர்தம் இசைவுடன் 1945இல் 24 வாரங்கள் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். அவர்களின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. எண்ணமெல்லாம் உணவையே சுற்றியது. சமையல் நூல்களை எடுத்துப் படித்தோரும் உண்டு. கட்டுப்பாடு தளர்ந்தபின் பலர், வயிறு நிறைந்தும் ஆசை அடங்காமல் அளவு மீறி உண்டனர். முன்னர் அவர்கள் அத்தகையோர் அல்லர். நீண்ட பட்டினியே அவர்களை அந்நிலைக்குக் கொணர்ந்தது. அடுக்களை இருளில் நின்ற பெண்ணைப் பேராசைக்காரி என ஏசுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

எனினும், நூலில் குறையே இல்லை என நாம் வாதிடவில்லை. நடுநிலை பற்றிய விளக்கம் பிற்பகுதியில் வருகிறது. பட்டினியின் வரலாறுகளோ முன்னே நீண்டு நின்று வாசகரின் மனத்தைக் கவர்ந்துவிடுகின்றன. இஹ்யாவின் ஹதீதுகளை ஆராய்ந்த ஹாபிஸ் ஸைனுத்தீன் இராக்கீ (ரஹ்) (மறைவு ஹிஜ்ரி 806), பசி குறித்த இவ்வதிகாரத்திலும் சில அறிவிப்புகளுக்கு மூலம் காணப்படவில்லை எனக் குறித்துள்ளார்கள். மேலும், உண்டு தெவிட்டியவனை நோக்கி எழுதப்பட்ட மருந்துச்சீட்டை, உண்ணவே அஞ்சும் பெண்ணின் கையில் கொடுப்பது முறையாகாது. நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டென்று ஸூரத்துல் பகராவின் 184, 185ஆம் வசனங்களே கூறுகின்றன. இத்தகையோர் நோன்பு நோற்பது பற்றி முதலில் மருத்துவரையும், பின்னர் ஆலிமையும் கலந்து முடிவு செய்வதே தக்கது.

நூலாசிரியரின் வாழ்வையும் இங்கே நினைத்தல் நலம். பக்தாதின் நிஜாமிய்யாவில் போதித்து வந்த காலத்தில், ஹிஜ்ரி 488இல் (கி.பி. 1095), இமாம் அவர்களுக்கு நா எழவில்லை, உணவு தொண்டையில் இறங்கவில்லை, உண்ட கவளமும் செரிக்கவில்லை. நோயின் வேர் உள்ளத்தில் இருப்பதால், அங்குள்ள கவலை தீராமல் மருந்து பயன்தராது என மருத்துவர்கள் கூறிவிட்டனர். 'அல்முன்கித்' என்னும் தன்வரலாற்று நூலில் இதனை அவர்களே எழுதியுள்ளார்கள். உணவின்மேல் வரும் பிணக்கு வயிற்றோடு நிற்பதன்று என்பதை அவர்கள் தம் உடலாலேயே அறிந்தவர்கள்.

ஆகவே, நம் இல்லங்களில் 23ஆவது அதிகாரத்திற்கு முன் 11ஆவது அதிகாரம் படிக்கப்பட வேண்டும் என்பது நம் துணிபு. அது உண்ணும் ஒழுக்கங்களைக் கூறுவது. பசித்தபின் உணவில் கைவைத்தல், நிறையுமுன் கையெடுத்தல் என்பன அதன் பாடங்கள். பசிக்கிறது, போதும் என உடல் சொல்வதைக் கேட்டு நம்பவேண்டும் என்பது இதனுள் அடங்கியுள்ளது. உடன் உண்போர் குறைவாக உண்டால் உண்ணச் சொல்லலாம். மூன்று முறைக்கு மேல் வற்புறுத்தலாகாது. அனைத்தினும் மேலாக, பிறர் உண்பதை உற்றுநோக்கி அவர்களை நாணச் செய்யலாகாது. ஒரே சஹனில் கூடி உண்ணும் நம் கடற்கரை ஊர்களின் மக்கள் இவ்வொழுக்கத்தை மறந்ததேன்? சோற்றைப் பரிமாறும் கையாலேயே, இவள் பருத்தாள், அவள் இளைத்தாள் என அளவிடுகிறோமே!

பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்த அபூதர்தா (ரலி) அவர்களை உண்ணவைத்து, உடலுக்கும் உரிமை உண்டென எடுத்துரைத்தவர்கள் ஸல்மான் (ரலி). நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் ஸல்மான் சொன்னது உண்மையே என்றார்கள். உடல் நாம் தண்டிப்பதற்கு உரிய எதிரியன்று. இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம்.

அப்பெண் இன்று மருத்துவரின் துணையோடு மெல்ல மெல்ல உண்ணக் கற்றுவருகிறாள். அவ்வீட்டில் இப்பொழுது யாரும் அவள் தட்டைப் பார்ப்பதில்லை. உம்மாவும் வாப்பாவும் அவளோடு உடனமர்ந்து உண்கின்றனர். இமாம் அவர்கள் சொன்ன ஒழுக்கமும் அதுவே. அல்லாஹ் நம் இல்லங்களிலும் உணவையும் உடலையும் நலமாக்கி அருள்வானாக! ஆமீன்.