இடையில் ஒரு கை

சென்ற வருஷம் இதே பத்திரிகையில் ஒரு சிறுகதைத் தொகுதியின் ஒலிப்பதிவைப் பற்றிக் கொஞ்சம் காரமாகவே எழுதியிருந்தேன். கதைகளைப் படித்திருந்தவர் ஓர் இளைஞர். அவர்மீது மூன்று குற்றங்கள் சாட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டிய கதையை மண்டபத்தில் நின்று பிரசங்கம் செய்வதுபோல் எதிரொலிக்கப் படிக்கிறார். ஸகரம் வருகிற இடமெல்லாம் பாம்பு சீறுகிறது. தாழ்ந்த குரல் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. இவ்வளவையும் சொல்லிவிட்டு, ‘இந்தக் குரலுக்கு இன்னும் மௌனம் பிடிபடவில்லை’ என்று முடித்தேன். அந்த வாக்கியம் எனக்கே பிடித்திருந்தது. இரண்டு வாசகர்கள் ஆமோதித்துக் கடிதம் எழுதினார்கள். கேட்டுவிட்டு எழுதினார்களா, என்னைப் படித்துவிட்டு எழுதினார்களா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

ஏனென்றால் நான் சொன்ன மூன்றும் பொய். நான் கேட்டது என்னவோ உண்மைதான். ஆனால் அவர் படித்தது அதுவல்ல.

நாலைந்து மாதம் கழித்து ஒரு நண்பர் வீட்டில் அதே கதையைச் சாதாரணக் கைபேசியில் கேட்க நேர்ந்தது. எதிரொலியைக் காணோம். வீட்டுக்கு வந்து அக்காள் மகனைக் கேட்டேன். அவன் தலையைச் சொறிந்தான். “மாமா, ஸ்பீக்கர் மந்தமா இருக்குன்னு சொன்னீங்களே, அப்ப ஈக்வலைஸர் ஏபிஓ போட்டுக் கொடுத்தேன். சினிமா பார்க்க நல்லா இருக்கட்டும்னு கொஞ்சம் ஹால் சத்தமும் சேர்த்தேன். எடுக்க மறந்துட்டேன்.”

விஷயம் இதுதான். கம்ப்யூட்டருக்குள் ஒலி என்பது வெறும் எண்கள்; வினாடிக்கு 44,100 அல்லது 48,000 எண்கள். அவை ஸ்பீக்கருக்குப் போகும் வழியில் யாராவது மறித்து, கணக்குப் போட்டு மாற்றி அனுப்பலாம். விண்டோஸில் இந்த ஈக்வலைஸர் ஏபிஓ அதைச் செய்கிறது. மாக்கில் பிளாக்ஹோல் போன்ற பொய்க் குழாய் ஒன்றின் வழியே ஒலியைத் திருப்பி விடுகிறார்கள். லினக்ஸில் ஈஸிஎஃபெக்ட்ஸ் இருக்கிறது. நிஜ மண்டபம் ஒன்றில் துப்பாக்கி வெடித்து, அந்த எதிரொலியைப் பதிவு செய்து, அதை எந்தக் குரலின் மேலும் ஏற்றிவிடலாம். ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் கம்பெனி 1996-ல் கொண்டுவந்த விஎஸ்டி முறையில் எழுதிய சிறு கருவிகளையும் செருகலாம். என் மருமான் அப்படிச் செருகியதில் ஒன்று கம்ப்ரெஸர். அது உரத்ததைத் தணித்து, மெல்லியதை உயர்த்தி, எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும். ராத்திரி பக்கத்து அறையில் குழந்தை தூங்கும்போது சண்டைப் படம் பார்க்க உத்தமமான சாதனம்.

இதையெல்லாம் கண்டிக்க நான் வரவில்லை. நாற்பத்தைந்தைத் தாண்டிய காதுக்கு உச்ச ஸ்வரங்கள் மங்கத்தான் செய்யும். அதைக் கொஞ்சம் தூக்கிக் கொடுத்தால் தப்பில்லை. சத்தத்தைக் குறைத்துக் கேட்டால் காதுக்குக் கீழ்ஸ்தாயி அளவுக்கு மீறி அடங்கிப் போகிறது என்று ஃப்ளெட்சரும் மன்ஸனும் 1933-லேயே காட்டியிருக்கிறார்கள். ‘கலப்படமில்லாத ஒலி’ என்று பேசுகிற சுத்த ஸ்வயம்பிரகாச ரசிகர்களுக்கு ஒன்று சொல்வேன்: இசைத்தட்டிலேயே கீழ்ஸ்தாயியைக் குறைத்து, மேல்ஸ்தாயியை ஏற்றித்தான் பதித்தார்கள். கேட்கிற யந்திரம் அதைத் தலைகீழாக்கிச் சரிசெய்யும். இதற்கு 1954-ல் அமெரிக்காவில் ஒரு பொது அளவும் வகுத்தார்கள். ஆனால் அங்கே பதிக்கிறவனுக்கும் கேட்கிறவனுக்கும் நடுவே ஓர் ஒப்பந்தம் இருந்தது. இங்கே அப்படி ஒன்றும் கிடையாது. கேட்கிறவன் தன் வீட்டில் தானே வைத்த கை. அதையும் வைத்துவிட்டு மறந்து போகிறான்.

மறக்க வைப்பதுதான் இந்த ஏபிஓவின் பெரிய குறை என்பேன். அது வேலை செய்யும்போது ஒரு ஜன்னலும் திறந்திருக்க வேண்டியதில்லை, விளக்கும் எரியாது. ‘கான்ஃபிக்’ என்று ஒரு சின்ன எழுத்துக் கோப்பு எங்கோ மூலையில் கிடக்கும். அதில் எழுதியதுதான் சட்டம். மூக்குக் கண்ணாடி போட்டவன் அதைக் கழற்றிப் பார்க்கவாவது முடியும். போட்டிருப்பதே தெரியாதவன் என்ன செய்வான்? விமர்சனம் எழுதுவான்.

கோப்பைத் திறந்து எல்லா வரிகளையும் அடித்துவிட்டு அந்தத் தொகுதியை மறுபடி கேட்டேன். ஒரு கதையில் பென்ஷன் கடிதத்துக்காக வாசலில் காத்திருக்கும் கிழவர் வருவார். “வந்ததா?” என்று கேட்பார். மகன் “வரலை” என்பான். இளைஞர் அந்த ஒரு சொல்லைக் குரலே இல்லாமல், மூச்சாக விட்டிருக்கிறார். கடிதம் வந்திருக்கிறது, மகன் மறைக்கிறான் என்பது அந்த மூச்சில்தான் இருக்கிறது. கதையில் எங்கும் எழுதப்படவில்லை. என் கம்ப்ரெஸர் அதை மற்றச் சொற்களோடு சமமாகத் தூக்கி நிறுத்தியிருந்தது. சீறலுக்கும் காரணம் தெரிந்தது. மேல்ஸ்தாயியை ஆறு டெஸிபல் ஏற்றினால் அங்கே அலையின் உயரம் ஏறக்குறைய இரு மடங்காகும். அதற்கு இடம்விட மொத்த ஒலியைக் குறைத்து வைக்க வேண்டும். பையன் அதைச் செய்யவில்லை. கொள்ளளவுக்கு மேல் போன ஸகரங்களெல்லாம் தலை வெட்டுண்டு கரகரத்திருக்கின்றன.

நடந்ததை விவரமாக எழுதி, மன்னிப்பும் கேட்டு இளைஞருக்குக் கடிதம் போட்டேன். பதில் மரியாதையாகவே வந்தது. என் கட்டுரையைப் படித்த பிறகு மைக்கை ஒட்டி உட்கார்ந்து, ஸகரங்களை நாக்கில் மழுக்கி, மௌனம் வருகிற இடங்களில் நன்றாக நிறுத்தி இரண்டாவது தொகுதியைப் பதிவு செய்து முடித்துவிட்டதாகவும், அது அடுத்த வாரம் வெளியாவதாகவும் எழுதியிருந்தார்.

வெளியானதும் கேட்டேன், எந்தக் கையும் நடுவில் இல்லாமல். இரண்டு கதைக்கு மேல் கேட்க முடியவில்லை. தப்பு செய்துவிடுவோமோ என்று பயந்து பயந்து படிக்கிறார்.